தாயில்பட்டியில் பேரல் அடித்தது

நான் இரண்டு வருஷம் ஒரு பாட்டுக் குழுவில் கொட்டு அடித்தேன். இதை நானாக உங்களிடம் சொன்னதில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொல்லப்போக, பிள்ளைகள் நீங்கள் இருவரும் வீடு வந்து சேரும் வரை சிரித்தீர்கள். சிரிப்பதில் தப்பில்லை. நடந்தது சரியாகத் தெரிந்து சிரிக்க வேண்டும், அதற்காக எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், நடந்ததைத் திருத்த வேண்டாம்.

விருதுநகரில் எஃப்.எம். ரேடியோ கேட்க ஆரம்பித்த காலம். செல்போன் வைத்திருந்தவர்கள் அதில் பேசமாட்டார்கள், மிஸ்டு கால் மட்டும் கொடுப்பார்கள். நான் ஒரு லாரி ஷெட்டில் டிங்கராக இருந்தேன். அடிபட்டு நசுங்கி வரும் கதவு, மட்கார்டு எல்லாவற்றையும் சுத்தியலால் தட்டி நேராக்கும் வேலை. ஷெட்டின் முதலாளி லாரி எலக்ட்ரீசியன். ஞாயிற்றுக்கிழமை ஷெட் லீவு. அன்றைக்கு மத்தியானம் நாங்கள் நான்கு பேர் அங்கே கூடி வாசிப்போம்.

இதை ஆரம்பித்தவர் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு பாய் வீட்டின் இளைய மகன். வெளியூருக்கு இன்ஜினியரிங் படிக்கப் போய், படிப்பை முடிக்காமல் ஒரு கிடாரோடு திரும்பி வந்தவர். கிடாரை வீட்டில் வைக்க அவருடைய அத்தா சம்மதிக்கவில்லை. அதனால் குடோனில், வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் வைத்திருந்தார். அவர் உறையைத் திறந்ததும் மற்ற மூன்று பேரும் தும்முவோம். நான் அதற்கு முன் கிடாரைப் பக்கத்தில் பார்த்ததில்லை. எல்லாக் கிடாரும் இப்படித்தான் போல என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

அவரை நாங்கள் வத்தல் கடைக்காரர் என்போம். இந்த மாதிரிப் பாட்டுக்குப் பங்க் என்று பேர் என்றார். எனக்குத் தெரிந்தது பெட்ரோல் பங்க்தான். சங்கீதம் தெரிந்திருக்கக் கூடாது, ஷெட்டில்தான் வாசிக்க வேண்டும், வேகம் வேண்டும், கோபம் வேண்டும் என்று அடுக்கினார். சங்கீதம் எங்களில் யாருக்கும் தெரியாது. ஷெட் இருந்தது. வேகமும் வந்துவிட்டது. கோபம் மட்டும் வரவில்லை. எதன்மேல் கோபப்பட வேண்டும் என்று எலக்ட்ரீசியன் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் வத்தல் கடைக்காரர். கடைசி வரை சொல்லவில்லை.

பாடியவர் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக விளம்பரம் சொல்கிறவர். மூச்சு விடாமல் அரை மணி நேரம் பேசுவார். ராகம் சுத்தமாக வராது. அதுதான் வேண்டும் என்று வத்தல் கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எலக்ட்ரீசியன் நான்கு தந்தி மட்டும் உள்ள கிடாரை வாசித்தார். நான்கு வயர் என்றால் சமாளித்துவிடலாம் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டது.

எனக்குக் கொட்டு. கல்யாண பேண்டு செட் ஒன்று கலைந்தபோது மலிவாகக் கிடைத்த சின்ன டிரம் இரண்டு. பெரிய டிரம்முக்கு வழியில்லை. எண்ணெய் வரும் இரும்புப் பேரலை ஒரு பக்கம் வெட்டி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, டெம்போ வேனின் கிளட்ச் பெடலைப் பற்றவைத்து நானே ஒன்று செய்தேன். காலால் மிதித்தால் 'திம்' என்று வரும். அதை மைக்கில் விட்டு பெரிய பாக்ஸில் கேட்டால் காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத் தெரியும். ஷெட்டின் தகரக் கூரையிலிருந்து துரு உதிரும்.

அடுத்தவன் ஊர்ப் பாட்டைப் பாடுவது கேவலம், நம்ம ஊர் வரலாற்றைத்தான் பாட வேண்டும் என்று முடிவானது. அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் சொன்னோம். வத்தல் கடைக்காரருக்கு வத்தல் தெரியும். எலக்ட்ரீசியனுக்கு ரயிலும் லாரியும். மைக்காரருக்கு எந்தக் கடை எப்போது திறந்தது, எந்த முதலாளி எந்த முதலாளியோடு பேசமாட்டார் என்பது வரை தெரியும். அதில் பாதியை நீக்கிவிட்டோம். பாட்டு இப்படி ஆரம்பிக்கும்:

பட்டியா இருந்துச்சு நகரா ஆச்சு
பேரை மாத்தினவன் பேசிட்டுப் போயாச்சு
ரயிலு வந்துச்சு வத்தலு போச்சு
தும்மலு மட்டும் நமக்குன்னு ஆச்சு

உங்கள் ஊரில் என்ன வரலாறு என்று என்னைக் கேட்டபோது முதலில் ஒன்றுமில்லை என்றேன். பிறகு ஒரு வாரம் கழித்து இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாயில்பட்டித் தாத்தா, அம்மாவின் அப்பா.

அப்போது உங்கள் அம்மா பெரியவளைப் பெற்று, தாயில்பட்டியில் தாய் வீட்டில் இருந்தாள். ஐந்தாம் மாதம் போய்க் கூட்டிவருவது வழக்கம். ஐந்தாம் மாதம் நான் போனேன். தூக்குவாளியில் பலகாரம், பிள்ளைக்கு ஒரு சட்டை, எல்லாம் கொண்டுபோனேன். உங்கள் தாத்தாவை நான் மாமா என்பேன். மாமா என்னை உட்காரவைத்துச் சாப்பாடு போடச் சொல்லி, நான் கை கழுவி வந்த பிறகு கேட்டார்.

"மாப்ள, ஷெட்டுல கொட்டு அடிக்கிறீகளாம்ல?"

ஆமா மாமா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் குறைவாகத் தெரியும் என்று நினைத்தேன்.

"தகரத்தை அடிங்க. இரும்பை அடிங்க. அது தொழிலு. கொட்டு வேண்டாம். எங்கய்யா கீழ போட்டதை நீங்க எடுக்காதீக."

இது உங்களுக்குப் புரியாது, அதனால் எழுதுகிறேன். நம்ம ஆட்கள் முன்பு அடுத்தவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். அதோடு ஊரில் ஒரு சாவு என்றாலும் சாமி புறப்பாடு என்றாலும் கொட்டு அடிக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. கூப்பிடுகிறவனுக்கு வயது பத்து இருக்கும், அடிக்கிறவருக்கு அறுபது இருக்கும், கூப்பிடுவது 'ஏலே'தான். மாமாவின் அப்பா ஒரு நாள் கொட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனார். அதற்காக அடி வாங்கினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் கொட்டைத் தொட்டதில்லை. மாமா பட்டாசுக் கம்பெனியில், எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்போம், அங்கே போர்மேனாக வந்தார். வெளுத்த சட்டை போட்டுப் போய் வெளுத்த சட்டையோடு திரும்புவார். வெடிமருந்து வேலை பார்க்கிற இடத்தில் அது சாதாரண விஷயமில்லை.

நான் அடிப்பது வேறு மாமா, இது கிடாரோடு சேர்ந்தது என்றேன். தோல்தானே என்றார். தார்ப்பாய் என்றேன்.

"நிப்பாட்டிட்டேன்னு வந்து சொல்லுங்க. அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

தெருமுனை வரை உங்கள் அம்மா பிள்ளையோடு வந்தாள். பேரல் பெரிதா நான் பெரிதா என்று கேட்டாள். நான் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பிற்பாடு தெரிந்தது. அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

நிறுத்திவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். விருதுநகருக்கும் தாயில்பட்டிக்கும் எத்தனை பேர் தினம் போய் வருகிறார்கள் என்று நினைத்தபோது துணிச்சல் வரவில்லை. உண்மையிலேயே நிறுத்தியிருக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை. எனக்கு அதுவரை எதையும் நன்றாகச் செய்கிறாய் என்று யாரும் சொன்னதில்லை. வத்தல் கடைக்காரர் சொன்னார். பெரியவளுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று உங்கள் அம்மா மிஸ்டு கால் கொடுத்து, நான் திரும்பக் கூப்பிட்டபோது சொன்னாள்.

இந்த நிலையில்தான் ஒருவர் கதவு நசுங்கின டெம்போவைக் கொண்டுவந்தார். லீவு என்றும் பாராமல் ஞாயிற்றுக்கிழமை வந்தவர். வாசலில் நின்று முழுப் பாட்டையும் கேட்டார். எங்கள் ஊர்க் கோயிலில் பொங்கல் வைக்கிறார்கள், நான் விழாக் கமிட்டியில் இருக்கிறேன், சாயங்காலம் நாலு மணிக்கு ஓட்டப் பந்தயம் முடிந்ததும் ஒரு அரை மணி நேரம் வந்து பாட முடியுமா என்று கேட்டார். எங்களை யாரும் கேட்டதில்லை. எலக்ட்ரீசியன் அந்தக் கதவை இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லிவிட்டார். செய்ய வேண்டியது நான். எந்த ஊர் என்று அப்புறம்தான் கேட்டோம். தாயில்பட்டி.

மற்ற மூன்று பேருக்கும் என் விஷயம் தெரியும். மைக்காரர், "ஏலே, உம் மாமனாருக்குத் தெரியாமப் பாடிட்டு வந்துருவோம்லே" என்றார். அவர் சொன்னதை அவரே கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு டீ சாப்பிடப் போனார்.

நான் போவதென்று முடிவு செய்தேன். தைரியம் ஒன்றுமில்லை. மாமாவுக்கு அன்று வேலை இருக்கும் என்று நினைத்தேன். பொங்கலுக்கு ஊரில் எல்லாப் பயர் ஆபீசுக்கும் லீவு என்பதை மறந்துவிட்டேன்.

கோயிலுக்கு எதிரே தென்னங்கீற்றுப் பந்தல். மேடை என்று நான்கைந்து பெஞ்சைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நல்ல கூட்டம். முன் வரிசையில் உங்கள் அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்கு வரிசை தள்ளி மாமா. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேரலின் பெடலைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

வத்தல் கடைக்காரர் உறையைத் திறந்தார், முதல் வரிசை தும்மியது. மைக்காரர் வணக்கம் சொன்னார். வணக்கத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளி விடக் கூடாது என்பது வத்தல் கடைக்காரர் போட்ட சட்டம். நான் பெடலை மிதித்தேன்.

கூட்டம் எழுந்து ஓடிவிட்டது.

நான் அதிகமாகச் சொல்லவில்லை. மைக்காரர் ஒரு வரி பாடி முடிப்பதற்குள் பந்தலில் எங்கள் நான்கு பேரைத் தவிர ஆள் இல்லை. செருப்புகள் கிடந்தன. சரவெடிச் சத்தத்துக்கு அந்த ஊரில் நாய்கூடத் தலையைத் தூக்காது. ஆனால் சொல்லாமல் வருகிற, தரையை அசைக்கிற 'திம்' வேறு. அங்கே பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், கால் தானாகப் போகும். முதலில் ஓட வேண்டும், என்ன ஏது என்று அப்புறம் கேட்க வேண்டும். அந்த ஊரில் ஓடாதவர்கள் என்று யாரும் இல்லை. ஓடாதவர்கள் இப்போது இல்லை.

ஓடியதிலும் இரண்டு திசை இருந்தது. ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் வெட்டவெளியைப் பார்த்து, கண்மாய்ப் பக்கம் ஓடினார்கள். அவர்களைப் பெற்றவர்கள் ஆலையைப் பார்த்து ஓடினார்கள். உங்கள் அம்மா கல்யாணத்துக்கு முன் அங்கே ஆறு வருஷம் வெடிச் சரம் பின்னியவள். பெரியவளைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரையில் போய் நின்றுவிட்டாள். மாமா போர்மேன். அவர் ஆலைக்கு ஓடினார். லீவு நாளில் பூட்டிக் கிடந்த கேட்டைப் பிடித்து ஆட்டி, காவலாளியை எழுப்பி, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பினார்.

புகை எங்கேயும் இல்லை என்று பார்த்துப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். நான் அடி விழும் என்று காத்திருந்தேன். யாரும் கோபப்படவில்லை. அவரவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு அம்மா மட்டும் என்னிடம் வந்து, "ஏப்பா, சொல்லிட்டு அடிக்கக் கூடாதா?" என்றார்.

கமிட்டிக்காரர் போதும், இறங்கிவிடுங்கள் என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து, உடுத்திக் கிளம்பி வந்தாச்சு, பாடட்டும் என்று சத்தம் வந்தது. பழகிவிட்டால் சரியாகிவிடும், இன்னும் இரண்டு தடவை அடித்தால் யாரும் ஓட மாட்டார்கள் என்று வத்தல் கடைக்காரர் மைக்கில் சொன்னார். அப்போதுதான் மாமா எழுந்தார்.

"பழகக் கூடாதுய்யா. இங்கன யாரும் சத்தத்துக்குப் பழகக் கூடாது. நாளைக்கு நெசமா ஒண்ணு போச்சுன்னா, பாட்டுக்காரன் அடிக்கான்னு உக்காந்திருப்பாகளா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் ஆலையில் மருந்து சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது மாதிரி வெடி போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு முன் மாமா மூன்று விசில் ஊதுவார். எல்லோரும் அறையை விட்டு வெளியே வருவார்கள். அவர் கையைத் தூக்குவார். கை இறங்கினால்தான் திரி வைப்பார்கள். இருபது வருஷமாக அவர் கை இறங்காமல் அங்கே ஒன்றும் வெடித்ததில்லை. ஊருக்கே அது தெரியும். ஆகவே யாரோ ஒருவர், அப்படியானால் போர்மேன் மேடையில் நின்று கை காட்டட்டும் என்றார். இன்னொருவர் ஆமா என்றார். கொட்டுக்குப் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன் என்று மாமா சொல்லவில்லை. அதைச் சொன்னால் ஏன் என்பதையும் அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டி வரும். எப்போதும் சட்டைப் பையில் கிடக்கிற விசிலை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்.

என் பக்கத்தில் வந்து, என்னைப் பார்க்காமல் பேரலைப் பார்த்துச் சொன்னார்.

"சின்னதை நீங்க அடிச்சுக்கோங்க. இதுக்கு என் கையைப் பாருங்க."

அவர் மூன்று விசில் ஊதினார். கையைத் தூக்கினார். இறக்கினார். நான் மிதித்தேன். யாரும் ஓடவில்லை.

இப்படியே பாட்டு நடந்தது. ஒவ்வொரு 'திம்'முக்கும் அவர் கூட்டத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு தடவை பார்ப்பார், அப்புறம்தான் கை இறங்கும். ஷெட்டில் இரண்டு நிமிஷத்தில் முடிகிற பாட்டு தாயில்பட்டியில் பத்து நிமிஷம் ஓடியது. வேகம் போச்சு, வேகம் போச்சு என்று வத்தல் கடைக்காரர் என் காதில் அழாத குறையாகச் சொன்னார். கூட்டத்துக்குப் பிடித்திருந்தது. கை இறங்கும்போது அவர்களும் சேர்ந்து 'ம்' என்றார்கள்.

மூன்றாவது சரணம் வந்தது. நான் எழுதிக் கொடுத்த இரண்டு வரி அதில்தான். மாமா இருக்கிறார், அதை விட்டுவிடுங்கள் என்று மைக்காரரிடம் சொல்ல நினைத்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். பாடிவிட்டார்.

ஊருக்கு ஊரு சேதி சொன்னது யாரு
தமுக்கடிச்ச கையி எங்க பாட்டன் கையி பாரு

இதற்கு அடுத்து ஒரே ஒரு 'திம்'. அது விழுந்த பிறகுதான் பாட்டின் மீதி. என் தாத்தா விருதுநகரைச் சுற்றி ஏழெட்டு ஊருக்குத் தமுக்கடித்துச் சேதி சொன்னவர். கண்மாய் திறக்கிறது, சந்தை மாறுகிறது, ஏலம் நடக்கிறது, எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரிந்தது. எந்தக் கல்வெட்டிலும் அவர் பேர் இல்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வரலாறு. அதை வெளியே சொல்லக் கூடாது என்றுதான் எங்கள் வீட்டிலும் வளர்த்தார்கள். இப்போது மைக்கில், மாமாவின் ஊரில், மாமா பக்கத்தில் நிற்கும்போது அது வெளியே வந்துவிட்டது.

மாமாவின் கை மேலே இருந்தது. இறங்கவில்லை.

வத்தல் கடைக்காரர் ஒரே இடத்தில் கிடாரைத் தட்டிக்கொண்டிருந்தார். எலக்ட்ரீசியனும் அப்படியே. சும்மா நின்று பழக்கமில்லாத மைக்காரர் வாய்க்கு வந்த விளம்பரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பேருந்து நிலையம் எதிரில் ஜவுளிக் கடை ஒன்றின் தள்ளுபடி, ஒரு பாத்திரக் கடை, காணாமல் போன ஒரு பசு மாடு. கூட்டம் மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும்தான். காலைப் பெடலில் வைத்தே இருந்ததில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கை இறங்காமல் மிதித்தால் உங்கள் அம்மா வர மாட்டாள். இறங்கவே இல்லை என்றால் பாட்டு அந்த வரியோடு நின்றுவிடும், ஊரே பார்த்திருக்கும், அதற்குப் பிறகு நான் எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஷெட்டுக்குப் போக மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். கூட்டத்துக்கு மேலே, கண்மாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. மைக்காரர் பசு மாட்டின் அடையாளங்களைச் சொல்லி முடித்தார்.

கை இறங்கியது. கொஞ்சம் வேகமாகவே இறங்கியது. நான் மிதித்தேன்.

பாட்டு முடிந்து மாமா இறங்கிப் போய் முன்பு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார். மைக்காரர் நன்றி சொல்லும்போது போர்மேன் அவர்களுக்கு என்று தனியாக ஒரு நன்றி சொன்னார். மாமா விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆறு மணிக்கு அவர் வீட்டில் காபி குடித்தேன். மற்ற மூன்று பேரும் வாசலில் டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாமா கால் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புதன்கிழமை நாள் நல்லாருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க."

நான் சரி மாமா என்றேன். கொட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் கை ரொம்ப நேரம் மேலேயே இருந்ததே மாமா என்று கேட்டுவிட்டேன்.

அவர் காபியை ஆற்றிக் குடித்து முடித்தார்.

"ஒரு பிள்ளை குறுக்க ஓடுச்சு" என்றார்.

புதன்கிழமை பேருந்தில் வரும்போது உங்கள் அம்மாவிடம் கேட்டேன். அவள் முன் வரிசையில் இருந்தவள். பிள்ளை ஒன்றும் ஓடவில்லை, எல்லாப் பிள்ளைகளும் பெரியவர்கள் மடியில் இருந்தார்கள் என்றாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் வாசித்தோம். வத்தல் கடைக்காரர் வெளிநாடு போனதும் குழு நின்றது. மாமா அதற்கப்புறம் எத்தனையோ தடவை வீட்டுக்கு வந்திருக்கிறார், நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்களும் போய்க் கேட்காதீர்கள். அவர் ஓடியது என்று சொன்னால் அந்தப் பிள்ளை ஓடியதாகவே இருக்கட்டும்.